‘கர்த்தர் அனுமதித்தார்’ என்று நாம் சொல்லலாமா?

நிழல்தேடி (இழையைத் தொடங்கியவர்)

என் அக்காவின் மகன் நான்கு வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்து ஏழு வாரங்கள் ஆகின்றன. அடக்க ஆராதனைக்குப் பிறகு வீட்டில் நடந்த ஆறுதல் கூட்டத்தில் உறவினர் ஒருவர் உரோமர் 8:28-ஐ எடுத்து, ‘சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது’ என்று விளக்கிக்கொண்டிருந்தார். அப்போது அக்காவின் கைப்பேசியில், பிள்ளையின் மாலை மருந்துக்காக வைத்திருந்த அலாரம் அடித்தது. யாரும் எழுந்து அதை நிறுத்தவில்லை, அக்காவும் நிறுத்தவில்லை. அது தானாக ஓயும்வரை அந்த உறவினர் காத்திருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

நான் விசுவாசத்தை விட்டவன் அல்லன். விட வேண்டும் என்று எண்ணியும் இதை எழுதவில்லை. தேவன் அன்பாயிருக்கிறார் என்பதையும், அவர் சர்வவல்லவர் என்பதையும், அந்தப் பிள்ளை கடைசி மூன்று வாரங்கள் பட்ட பாட்டையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்திருக்க முடியவில்லை என்பதே என் சிக்கல். ‘கர்த்தர் இதை அனுமதித்தார்’ என்று எல்லாரும் எளிதாகச் சொல்கிறார்கள். அந்தச் சொல்லின் பொருள் என்ன? தடுக்க முடிந்தும் தடுக்காமல் இருந்தார் என்பதுதான் பொருளானால், அதை அன்பு என்று எப்படி அழைப்பது? நிதானமான பதில்களை எதிர்பார்க்கிறேன்.

வேதபாடம்

சகோதரரே, தங்கள் குடும்பத்துக்காக ஜெபிக்கிறேன். தாங்கள் நிதானமான பதிலைக் கேட்டதால் அந்த அளவிலேயே எழுதுகிறேன்.

திருச்சபை நெடுங்காலமாகச் சொல்லிவரும் முதற்பதில், தீமை தேவனால் படைக்கப்பட்ட ஒரு பொருள் அன்று என்பது. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அகஸ்டின், இருள் என்பது ஒளி இல்லாமையைப் போலத் தீமை என்பது நன்மையின் குறைவே என்று விளக்கினார். அந்தக் குறைவு எங்கிருந்து வந்தது என்றால், சுயாதீனமான சித்தம் உடைய சிருஷ்டிகள் நன்மையைவிட்டு விலகியதால் வந்தது. அன்பு என்பது கட்டாயப்படுத்திப் பெறக்கூடிய ஒன்றாக இல்லாதவரையில், அன்புசெய்யக்கூடிய ஒருவனை உண்டாக்குவதும், வெறுக்கக்கூடிய ஒருவனை உண்டாக்குவதும் ஒரே செயலாகிவிடுகிறது.

ஜே. எல். மேக்கி என்னும் மெய்யியலாளர் 1955-இல், தேவன் நல்லவர், சர்வவல்லவர், தீமை இருக்கிறது என்ற மூன்றும் ஒன்றுக்கொன்று முரணானவை என்று வாதிட்டார். ஆல்வின் பிளாண்டிங்கா என்னும் கிறிஸ்தவச் சிந்தனையாளர் 1970-களில் இதே சுயாதீன சித்தத்தை அடிப்படையாகக் கொண்டு, அங்கே தருக்க முரண்பாடு இல்லை என்று காட்டினார். விசுவாசிகள் அல்லாத மெய்யியலாளர்கள் பலரும் அந்த அளவுக்கு அவருடைய வாதத்தை ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் அவர் காரணம் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. காரணம் இருக்கக்கூடும், அது முரண்பாடு ஆகாது என்று மட்டுமே சொன்னார். ஆறுதல் கூட்டங்களில் இந்த வேறுபாட்டைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

மறுபக்கம்

நான் இருபது ஆண்டுகள் சபையில் இருந்து பிறகு விலகியவன். புண்படுத்துவதற்காக எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இழையைத் தொடங்கியவர் கேட்டது போரைப் பற்றியும் கொலையைப் பற்றியும் அன்று. நான்கு வயதுப் பிள்ளையின் எலும்பு மஜ்ஜையில் உயிரணுக்கள் கட்டுமீறிப் பெருகியதில் யாருடைய சுயாதீன சித்தம் இருந்தது? பண்டைய கிரேக்க மெய்யியலாளர் எபிகூரஸ் கேட்டதாக நான்காம் நூற்றாண்டின் கிறிஸ்தவ எழுத்தாளர் லாக்டான்டியஸ் பதிவுசெய்திருக்கும் கேள்வி இன்றும் அப்படியே நிற்கிறது: கடவுள் தீமையை நீக்க விரும்பியும் முடியாதவரா, முடிந்தும் விரும்பாதவரா?

1755-ஆம் ஆண்டு நவம்பர் 1, சகல பரிசுத்தவான்களின் திருநாள். அன்று காலை, மக்கள் ஆலயங்களில் நிறைந்திருந்த வேளையில் லிஸ்பன் நகரம் குலுங்கியது. கூரைகள் அவர்கள்மேல் விழுந்தன. தப்பி ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைக் கடல் பொங்கி வந்து வாரிக்கொண்டது. எஞ்சிய நகரத்தைத் தீ எரித்தது. உலகங்களில் இதுவே மிகச் சிறந்தது என்று மெய்யியலாளர் லைப்னிட்ஸ் 1710-இல் எழுதிய வாதம், அந்த இடிபாடுகளுக்குப் பிறகு ஐரோப்பாவில் பழைய மதிப்பைத் திரும்பப் பெறவே இல்லை. வோல்ட்டேர் அதைக் கேலிசெய்ததை விடுங்கள். ஆலயத்துக்குப் போனவன் செத்து, போகாதவன் பிழைத்ததை அங்கிருந்த சாதாரண மனிதன் கண்ணாரக் கண்டான்.

வேதபாடம்

மறுபக்கம் அவர்களே, தங்கள் எதிர்வாதம் சரியான இடத்தில்தான் விழுகிறது. சுயாதீன சித்தம் நோயை விளக்காது. அதற்கு வேறொரு வழியில் வர வேண்டும்.

உலகம் ஒழுங்கான விதிகளின்படி நடப்பதால்தான் அதில் பொறுப்புள்ள வாழ்க்கை சாத்தியமாகிறது. தீ ஒரு நாள் சுட்டு மறுநாள் சுடாமலிருந்தால், பிறனுக்குத் தீங்கு செய்யாமலிருப்பதற்கும் நன்மை செய்வதற்கும் பொருளே இராது. வலிக்கும் அந்த ஒழுங்கில் இடம் உண்டு. பால் பிராண்ட் என்னும் கிறிஸ்தவ அறுவை மருத்துவர் தொழுநோயாளிகளிடையே பணிபுரிந்தபோது, விரல்கள் அழிவது நோய்க்கிருமி நேரடியாக அரிப்பதால் அன்று, உணர்ச்சி மரத்துப்போனவர் தீயையும் கூர்முனையையும் அறியாமல் தம்மையே காயப்படுத்திக்கொள்வதால்தான் என்பதை உணர்ந்தார். பிற்காலத்தில் அவருடைய குழுவினர் செயற்கை வலிக் கருவி ஒன்றைச் செய்ய முயன்றார்கள். கையுறையில் உணர்விகளைப் பொருத்தி, அழுத்தம் மிகுந்தால் ஒலி எழுப்பச் செய்தார்கள். ஒலியை நோயாளிகள் பொருட்படுத்தாததால் மின்அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். வேலை முக்கியமாகப்பட்டபோது நோயாளிகள் கருவியின் இணைப்பையே நிறுத்திவிட்டார்கள். நிறுத்த முடியாததாக இருப்பதுதான் வலியின் பயன் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

இரண்டாம் நூற்றாண்டின் ஐரேனியு ஆயர், மனிதன் நிறைவுபெற்றவனாகப் படைக்கப்படவில்லை, முதிர்ச்சியை நோக்கி வளரவேண்டியவனாகப் படைக்கப்பட்டான் என்று எழுதினார். மெய்யியலாளர் ஜான் ஹிக் 1966-இல் இதை விரித்து, இந்த உலகம் சுகவாசத்துக்கான இடமன்று, ஆன்மா உருவாகும் இடம் என்றார். தைரியமும் இரக்கமும் பொறுமையும் ஆபத்தே இல்லாத உலகில் முளைக்க மாட்டா.

இரவுப்பணி

நான் குழந்தைகள் பிரிவில் செவிலியாகப் பணிபுரிகிறேன், பெரும்பாலும் இரவில். விசுவாசிதான்.

வலி ஓர் எச்சரிக்கை மணி என்று சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் வீடு எரிவது எல்லாருக்கும் தெரிந்த பிறகும் அந்த மணி இரவெல்லாம் அடித்துக்கொண்டே இருப்பதை நான் பார்க்கிறேன். நோய் கண்டறியப்பட்டாகிவிட்டது, மருந்து ஏறுகிறது. இனி அந்த வலி யாருக்கு எதைத் தெரிவிக்கிறது? ஊசி போட நான் போகும்போது, ‘நேற்று இந்தக் கை, இன்றைக்கு அந்தக் கை’ என்று கணக்கு வைத்துக்கொண்டு கையை மாற்றி நீட்டும் பிள்ளைகள் உண்டு. அந்த வயதில் அவ்வளவு ஒத்துழைப்பை நான் எதிர்பார்ப்பதில்லை. பார்க்கும்போது மனம் தாங்குவதில்லை.

ஆன்மா உருவாகும் இடம் என்ற விளக்கம் அந்தக் கட்டிலருகில் நிற்காது. உருவாவது யாருடைய ஆன்மா? பெற்றோருடையது என்றால், பெற்றோரின் பொறுமைக்காகப் பிள்ளை பயன்படுத்தப்பட்டது என்றாகிவிடும். என்னுடையது என்றால் அது இன்னும் மோசம். என் இரக்கம் வளர்வதற்கு இன்னொருவரின் நான்கு வயதுப் பிள்ளை தேவையென்றால் அந்த இரக்கம் எனக்கு வேண்டாம். துன்பத்திலிருந்து நன்மை விளைவதை நான் மறுக்கவில்லை, பலமுறை கண்டிருக்கிறேன். ஆனால் விளைந்த நன்மையை வைத்து, இதற்காகத்தான் அது வந்தது என்று பின்னோக்கிக் கணக்கு எழுதுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

வேதபாடம் அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்னவை வகுப்பறையில் பயன்படும்.

கடைசிப்பெஞ்சு

எல்லாரும் சுற்றி வளைக்கிறீர்கள். வேதத்தில் பாவத்தின் சம்பளம் மரணம் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. குடும்பத்தில் அறிக்கையிடப்படாத பாவம் ஏதேனும் உண்டா என்று முதலில் ஆராய்ந்து பார்ப்பதில் தவறு என்ன?

ஆயர் பணியில்

கடைசிப்பெஞ்சு அவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதை அக்கா வாசிக்க நேரலாம். பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள் இதே கேள்வியைக் கேட்டார்கள். ‘அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல’ என்று ஆண்டவர் சொன்னது யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் இருக்கிறது. சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் இறந்த செய்தியையும் அவரே எடுத்துப் பேசி, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று கேட்டு, அப்படியல்ல என்று முடித்துவிட்டார். மனுக்குலம் முழுவதும் விழுந்துபோன நிலையில் இருக்கிறது என்பது ஒன்று. இந்த வீட்டின் சவப்பெட்டிக்கு இந்த வீட்டின் பாவமே காரணம் என்பது வேறொன்று. இரண்டாவதைச் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை.

இனி ‘அனுமதித்தார்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். நீதிமானாயிருந்தும் எல்லாவற்றையும் இழந்த யோபின் புத்தகத்தைச் சான்றாகக் காட்டித்தான் இதைச் சொல்கிறோம். அங்கே கர்த்தர் சாத்தானிடம் சொல்வது, ‘இதோ, அவனுக்கு உண்டானவையெல்லாம் உன் கையிலிருக்கிறது’ என்பது. அனுமதி என்பது நாம் பிற்பாடு சூட்டிய பெயர். தேவனைத் தீமையின் கர்த்தாவாக ஆக்காமலும், தீமையை அவருடைய ஆளுகைக்கு வெளியே நிறுத்தாமலும் இருப்பதற்காக இறையியல் அந்தச் சொல்லைக் கண்டெடுத்தது. அந்த வேலைக்கு அது தேவைதான். ஆனால் அலுவலகத்தில் ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்திடுவதைப் போல, தேவன் ஒரு பிள்ளையின் மரணத்தை மனம் அசையாமல் அனுமதித்தார் என்ற படத்தை அது உண்டாக்குமானால், புலம்பல் 3:33-ஐ அதன் பக்கத்தில் வைக்க வேண்டும்: ‘அவர் மனப்பூர்வமாய் மனுபுத்திரரைச் சிறுமையாக்கிச் சஞ்சலப்படுத்துகிறதில்லை.’ எரிந்த எருசலேமின் நடுவில் நின்று எழுதப்பட்ட வரி அது.

யோபின் நண்பர்களை நாம் பொதுவாக ஏளனமாகப் பேசுகிறோம். அவர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள். நம்மில் எத்தனை பேர் அதைச் செய்திருக்கிறோம்? அவர்கள் கெட்டது எட்டாம் நாள், விளக்கம் சொல்லத் தொடங்கியபோது. எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் ஆகியோர் சொன்னவற்றில் பல வாக்கியங்கள் தனியே எடுத்தால் நல்ல இறையியல். பிரசங்கத்தில் நானே மேற்கோள் காட்டியிருக்கிறேன். இருந்தும் முடிவில் கர்த்தர், ‘என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை’ என்கிறார். தான் பிறந்த நாளைச் சபித்தவனும், தேவனை வழக்குக்கு அழைத்தவனும் நிதானமாய்ப் பேசினான். தேவனுக்காக வாதாடியவர்கள் பேசவில்லை. அவர்கள் தேவனைப் பற்றிப் பேசினார்கள், யோபு தேவனோடு பேசினான் என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

இதையே உரோமர் 8:28-க்கும் பொருத்திப் பாருங்கள். அந்த வசனம் ‘அறிந்திருக்கிறோம்’ என்று முடிகிறது. ‘அறிந்துகொள்ளுங்கள்’ என்று அன்று. அடிபட்டு, கல்லெறியுண்டு, கப்பற்சேதத்தில் கிடந்த பவுல் தன்னையும் சேர்த்துக்கொண்டு சொன்ன வாக்கியம் அது. யோசேப்பைப் பாருங்கள். பதினேழு வயதில் விற்கப்பட்டவன், ‘தேவன் என்னை உங்களுக்கு முன்னே அனுப்பினார்’ என்று சகோதரரிடம் முதன்முதலாகச் சொல்லும்போது, வேதாகமத்தின் கணக்குப்படி ஏறக்குறைய 22 ஆண்டுகள் கடந்திருந்தன. ‘நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்’ என்ற வரி அதற்கும் பிறகு, தகப்பனை அடக்கம் செய்தபின் வருகிறது. பானபாத்திரக்காரன் அவனை மறந்துபோன இரண்டு ஆண்டுகளில், யாராவது சிறைக்கு வந்து அதே வாக்கியத்தை அவனிடம் சொல்லியிருந்தால், சொற்கள் அவையேயானாலும் அது கொடுமையாக இருந்திருக்கும். இவை தன்மை இடத்தில் பிறந்த வாக்கியங்கள். முன்னிலைக்கு மாற்றிச் சொல்லும்போது அவற்றின் உண்மை கெட்டுவிடுகிறது. ‘எனக்கு நன்மையாக முடிந்தது’ என்று அக்கா ஒரு நாள் சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். அவருக்காக அதை முன்கூட்டியே சொல்லும் உரிமை அந்த உறவினருக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

மறுபக்கம்

ஐயா, நான் சபையில் இருந்த காலத்தில் இப்படி ஒருவர் பேசியிருந்தால் சில ஆண்டுகள் கூடுதலாக இருந்திருப்பேன். ஆனாலும் ஒன்றைச் சுட்டிக்காட்ட வேண்டும். தேவன் ஏன் தடுக்கவில்லை என்ற கேள்வியை, யார் எப்போது எதைச் சொல்லலாம் என்ற கேள்வியாகத் தாங்கள் மாற்றிவிட்டீர்கள். இரண்டாவதற்குத் தங்கள் பதில் சிறந்தது. முதலாவது கேட்ட இடத்திலேயே கிடக்கிறது.

வில்லியம் ரோ என்னும் மெய்யியலாளர் 1979-இல் ஓர் எடுத்துக்காட்டைத் தந்தார். யாருமில்லாத காட்டில் தீப்பற்றி, ஒரு மான்குட்டி கருகி, பல நாள் கிடந்து துடித்துச் சாகிறது. யாரும் பார்க்கவில்லை, யாருடைய ஆன்மாவும் அதனால் உருவாகவில்லை. இங்கே முரண்பாடு இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. பயனற்றதாகத் தோன்றும் இத்தகைய துன்பங்களே கடவுள் இல்லை என்று எண்ணுவதற்கு நியாயமான சான்று என்றார். நமக்குத் தெரியாத காரணம் தேவனுக்குத் தெரியும் என்று தாங்கள் பதில் சொல்வீர்கள். அந்தப் பதிலை ஏற்றால் எந்தக் கொடுமையையும் எதிர்த்துப் பேச இடமிருக்காது; எதற்கும் ஒரு காரணம் இருக்கக்கூடும் அல்லவா?

ஆயர் பணியில்

தாங்கள் சொல்வது உண்மை. முதற்கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, யோபுக்கும் கொடுக்கப்படவில்லை. நான்கு அதிகாரங்கள் கர்த்தர் பெருங்காற்றிலிருந்து பேசுகிறார்; காட்டுக்கழுதை, தீக்குருவி, லிவியாதான் என்று எல்லாவற்றையும் பற்றிப் பேசுகிறார்; சாத்தானோடு நடந்த உரையாடலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தையும் இல்லை. யோபு தன் துன்பத்தின் காரணத்தை அறியாமலேயே சாகிறான். அவன் பெற்றது காரணம் அன்று: ‘இப்பொழுதோ என் கண் உம்மைக் காண்கிறது.’

தெரியாத காரணம் இருக்கக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை அளவோடுதான் பயன்படுத்துவேன். அந்தக் காரணத்தை அறிந்தவன்போல நாம் நடக்கக் கூடாது என்பதற்கு ஆண்டவருடைய நடத்தையே சான்று. இறந்துபோன லாசருவைச் சில நிமிடங்களில் எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் அவர் கண்ணீர் விட்டார். தம்மிடம் வந்த நோயாளிகளைக் குணமாக்கினார். இது உனக்கு நல்லது, பொறுத்துக்கொள் என்று ஒருவரையும் திருப்பி அனுப்பியதாக சுவிசேஷங்களில் இல்லை. மரணத்தைப் பவுல் கடைசிச் சத்துரு என்றார், தேவனுடைய கருவி என்று சொல்லவில்லை. ஆகவே கொடுமையை எதிர்ப்பவன் தேவனுடைய பக்கம்தான் நிற்கிறான்.

மற்றபடி நான் போய் நிற்கும் இடம் சிலுவை. அங்கே தேவனுடைய குமாரனே ‘ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்று கேட்டார். வானத்திலிருந்து பதில் வரவில்லை. கெத்செமனேயில் மூன்றுமுறை ஜெபித்தும் பாத்திரம் நீங்கவில்லை. நாஜிச் சிறையிலிருந்து 1944-இல் எழுதிய கடிதமொன்றில் ஜெர்மன் ஆயர் டீட்ரிக் போன்ஹோஃபர், துன்பப்படும் தேவன் மட்டுமே உதவ முடியும் என்றார். அடுத்த ஏப்ரலில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

மாலைச்செபம்

ஒரு திருத்தம், ஐயா. நான் கத்தோலிக்கர். இறைவன் தம் இறையியல்பில் துன்புறுவதில்லை என்பதே தொன்மையான திருச்சபையின் போதனை. 451-ஆம் ஆண்டு கூடிய கால்சேதோன் திருச்சபைச் சங்கம் வரையறுத்தபடி, இறைமகன் தாம் ஏற்ற மனித இயல்பில் உண்மையாகவே துன்புற்றார். இதைச் சொல்நுணுக்கம் என்று தள்ளிவிட வேண்டாம். என்னைப்போலவே மூழ்கிக்கொண்டிருக்கும் ஒருவர் என்னைத் தூக்க முடியாது. உயிர்த்த பின்னும் காயங்களோடு நின்று தோமாவிடம் கையை நீட்டியவர், துயரத்தை அழித்துவிடாமலும், அதனால் வெல்லப்படாமலும் இருக்கிறார். யோபுக்கு ஆடுகளும் ஒட்டகங்களும் இரட்டிப்பாயின. பிள்ளைகள் மட்டும் முன்போலப் பத்துப்பேர்தான். முதற்பத்துப் பேர் தொலைந்துபோனவர்கள் அல்லர் என்பதால்தான் அந்த எண்ணிக்கை என்று பழைய விளக்கம் ஒன்று உண்டு. அந்தத் தாய்க்கு அது போதுமா என்று எனக்குத் தெரியாது. எனக்குப் பிடித்த விளக்கம்.

ஆயர் பணியில்

திருத்தத்தை ஏற்கிறேன். போன்ஹோஃபரின் வரியை நான் கால்சேதோனுக்குள் வைத்தே வாசிக்கிறேன். எழுதும்போது அதைச் சொல்லாமல் விட்டேன்.

இரவுப்பணி

நிழல்தேடி அவர்களுக்கு ஒரு சிறு யோசனை. அக்கா ஜெபிக்க முடியவில்லை என்று சொன்னால் 88-ஆம் சங்கீதத்தைக் கொடுத்துப் பாருங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை முடிவில் துதிக்குத் திரும்பிவிடும், இது திரும்புவதில்லை. அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்பதோடு அப்படியே நின்றுவிடுகிறது. அதையும் வேதத்தில் விட்டுவைத்திருக்கிறார்கள்.

நிழல்தேடி

எல்லாருக்கும் நன்றி. மறுபக்கம் அவர்களின் கேள்வி எனக்குள்ளும் அப்படியே இருக்கிறது, அதை மறைக்கப்போவதில்லை.

நேற்று இரவு அக்காவிடம் 88-ஆம் சங்கீதத்தை வாசித்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு யோபு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது 16-ஆம் அதிகாரத்தில், ‘நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்’ என்ற வரி கண்ணில் பட்டதால் அதையும் வாசித்தேன். ஏழு வாரங்களில் முதன்முறையாகச் சிரித்தாள். இது வேதத்திலேயே இருக்கிறதா என்று புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, பேனாவைக் கேட்டு அடிக்கோடிட்டாள். மருந்து அலாரத்தை இன்னும் நீக்கவில்லை. நீக்கச் சொல்ல வேண்டாம் என்றாள். உரோமர் எட்டாம் அதிகாரத்தைத் தான் கேட்கும் நாளில் வாசித்தால் போதும், அதுவரை யாரும் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டாம் என்று உறவினர்களுக்குச் சொல்லும் வேலையை என்னிடம் ஒப்படைத்திருக்கிறாள். பட்டியலில் முதற்பெயர் யாருடையது என்பதைத் தாங்கள் ஊகித்திருப்பீர்கள்.